அத்தியாயம் 4: பந்தைத் தொடும் முன் பதினைந்து நிமிடம்

சாயங்காலம் நாலரை மணி வாக்கில் சங்கரன்கோவில் வட்டாரத்துப் பள்ளி மைதானங்களில் பெரும்பாலும் ஒரே காட்சிதான். பிள்ளைகள் வட்டமாக நிற்பார்கள், நடுவில் கேப்டன். குனிந்து பெருவிரலைத் தொட்டபடி இருபது எண்ணுவார்கள். உட்கார்ந்து காலை விரித்து இன்னொரு இருபது. ஒற்றைக் காலில் நின்று மற்றொரு பாதத்தைப் பின்னால் இழுத்துப் பிடித்து மறுபடி இருபது. எண்ணுகிற சத்தம் காம்பவுண்டைத் தாண்டிக் கேட்கும். பிறகு விசில். அடுத்த நிமிடமே லே-அப் வரிசை ஓட ஆரம்பித்துவிடும்.

இந்தப் பயிற்சிகளில் பெரும்பாலானவை நல்லவைதான். வேளைதான் தவறு. ஒரே இடத்தில் நின்று தசையை இழுத்துப் பிடிக்கும் நீட்சி, ஆட்டம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் முன் வர வேண்டியது. ஆட்டத்துக்கு முன் வர வேண்டியது நடந்துகொண்டும் ஓடிக்கொண்டும் செய்யும் நீட்சி. இந்த இடமாற்றத்தை எப்படிச் செய்வது என்பதுதான் இந்த அத்தியாயம். பி.டி. ஆசிரியர் நடத்தலாம், கேப்டன் நடத்தலாம், மகளை மைதானத்துக்குக் கூட்டிவரும் அப்பாவும் நடத்தலாம். 14 மீட்டர் நீளத்துக்கு மேடுபள்ளம் இல்லாத தரையும் ஒரு கைக்கடிகாரமும் போதும்.

முதலில் கொஞ்சம் கணக்கு

இரண்டு பெயர்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தசையை இழுத்து, அசையாமல் பிடித்து வைத்தால் அது ‘நின்று நீட்டுவது’. மூட்டை அதன் முழு வீச்சுக்கும் கொண்டுபோய், பிடித்து வைக்காமல் உடனே திரும்பினால் அது ‘நடந்து நீட்டுவது’.

2016-இல் கனடாவைச் சேர்ந்த டேவிட் பேம் தலைமையிலான குழு, இது குறித்து அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் பார்த்தது. நின்று நீட்டிய உடனே சோதித்தபோது குதிப்பு, ஓட்டம், வலிமை போன்றவற்றில் சராசரியாக 3.7 சதவீதம் குறைவு. நடந்து நீட்டியபோது 1.3 சதவீதம் கூடுதல். ஒரு தசையை 60 விநாடியோ அதற்கு மேலோ பிடித்தவர்களுக்கு இழப்பு 4.6 சதவீதம், 60 விநாடிக்குள் விட்டவர்களுக்கு 1.1 சதவீதம்தான்.

சதவீதம் கண்ணுக்குத் தெரியாது, சென்டிமீட்டர் தெரியும். 40 செ.மீ. எம்பும் பையனுக்கு 3.7 சதவீதம் என்பது ஒன்றரை செ.மீ. அளவுக்கு வரும். வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு இந்த ஒன்றரை செ.மீ. பெரிதல்ல. ஆனால் ரீபவுண்டுக்கு இரண்டு பேர் சேர்ந்து எம்பும்போது பந்து யார் விரலில் படுகிறது என்பதை அது தீர்மானித்துவிடும்.

சின்னப் பிள்ளைகளிடமும் இதைச் சோதித்திருக்கிறார்கள். 2005-இல் அமெரிக்காவில் ஏவரி ஃபைகன்பாமும் அவருடைய சகாக்களும் சராசரி வயது பதினொன்று உள்ள 60 சிறுவர் சிறுமியரை வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு வார்ம்-அப் செய்ய வைத்தார்கள். ஐந்து நிமிடம் நடந்து ஐந்து நிமிடம் நின்று நீட்டிய நாளைவிட, பத்து நிமிடம் அசைந்து செய்த நாளில் அவர்கள் உயரமாக எம்பினார்கள், திரும்பித் திரும்பி ஓடும் ஓட்டத்திலும் வேகம் கூடியது.

காரணம் சுருக்கமாக இதுதான். நீண்ட நேரம் இழுத்துப் பிடித்த தசைக்கு நரம்பு அனுப்பும் கட்டளை சற்று நேரம் மங்குகிறது. தசையும் தசைநாணும் கொஞ்சம் தளர்ந்தும் போகின்றன. எம்பிக் குதிக்க வேண்டிய ஸ்பிரிங் தளர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

“அடிபடாமல் இருக்கத்தானே சார் நீட்டுகிறோம்?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 ஆண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு பயிற்சிக்கு முன் காலின் முக்கியத் தசைகளை 20 விநாடி வீதம் நீட்டியது, மறு பிரிவு நீட்டவில்லை. 12 வாரப் பயிற்சியில் கால் காயங்களில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. காயத்தைக் குறைப்பது வேறொன்று. அது மூன்றாம் படியில் வருகிறது.

பதினைந்து நிமிட வரிசை

வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு உடலைத் தயார் செய்கிறது.

படி 1: சூடேற்றும் ஓட்டம் (3 நிமிடம்)

கூடைப்பந்து கோர்ட் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். சுற்றி ஓடினால் ஒரு சுற்று 86 மீட்டர். ஐந்து சுற்று போதும்.

1. முதல் இரண்டு சுற்று மெதுவோட்டம். பக்கத்தில் ஓடுபவரோடு பேச முடிகிற வேகம்.
2. மூன்றாவது சுற்றில் நீளப் பக்கத்தில் நேராக ஓடி, அகலப் பக்கத்தில் டிஃபென்ஸ் நிலையில் பக்கவாட்டில் நகருங்கள்.
3. நான்காவது சுற்றில் அகலப் பக்கத்தில் பின்னோக்கி ஓடுங்கள். தலையைத் திருப்பித் தோளுக்கு மேலே பார்த்துக்கொள்ள வேண்டும்.
4. ஐந்தாவது சுற்றில் வேகத்தை ஒரு படி கூட்டுங்கள். முடியும்போது நெற்றியில் லேசாக வியர்வை துளிர்க்க வேண்டும். மூச்சு வாங்கக் கூடாது.

படி 2: நடந்து நீட்டுதல் (5 நிமிடம்)

எண்ட் லைனில் நில்லுங்கள். அங்கிருந்து நடுக்கோடு வரை 14 மீட்டர். ஒவ்வொரு பயிற்சியையும் நடுக்கோடு வரை செய்துவிட்டு, மெதுவாக ஓடித் திரும்பி வாருங்கள்.

1. குதிகால் நடை, விரல் நுனி நடை. பாதி தூரம் குதிகாலில், பாதி தூரம் விரல் நுனியில். கெண்டைக்காலும் கணுக்காலும் விழித்துக்கொள்ளும்.
2. முட்டியை மார்போடு அணைக்கும் நடை. ஒவ்வோர் அடிக்கும் ஒரு முட்டியை இரு கையாலும் அணைத்து உடனே விடுங்கள். ஊன்றிய காலின் குதிகால் லேசாக எழட்டும்.
3. நேர்க்கால் வீச்சு. காலை நேராக முன்னே வீசி எதிர்க்கையின் விரல்களைத் தொடுங்கள். முதுகை வளைத்துக் கையைத் தாழ்த்தித் தொடுவது கள்ளக்கணக்கு. கை தோள் மட்டத்தில் நிற்கட்டும், கால் எட்டுகிற வரை எட்டட்டும்.
4. லஞ்ச் நடை. ஒரு காலை நீட்டி முன்வைத்து, பின் முட்டி தரைக்கு நாலு விரல் மேலே வரும்வரை இறங்குங்கள். முன்னங்கால் முட்டி உள்பக்கம் சாயாமல் பாத விரல்களின் திசையில் இருக்க வேண்டும். இறங்கிய நிலையில் உடலை முன்கால் பக்கம் ஒருமுறை திருப்பி எழுங்கள். இது இடுப்புக்கும் தொடைக்கும்.
5. பக்கவாட்டு லஞ்ச். அகலமாக எட்டு வைத்து ஒரு காலை மடக்கி மறுகாலை நேராக வையுங்கள். கவட்டைத் தசைக்கு இதைவிட நல்லது இல்லை. டிஃபென்ஸ் ஆடுபவர்கள் விட்டுவிடவே கூடாது.
6. இடுப்பைத் திறந்து மூடுதல். முட்டியைத் தூக்கி வெளிப்பக்கம் சுழற்றி இறக்குங்கள். திரும்பும்போது வெளியிலிருந்து உள்ளே.
7. கை வட்டம். சின்ன வட்டத்தில் தொடங்கிப் பெரிய வட்டம், முன்னும் பின்னும் பத்துப் பத்து.
8. உயர முட்டி ஓட்டம், குதிகால் பின்புறம் படும் ஓட்டம். பாதிப் பாதி தூரம்.

*குறிப்பு:* கை ஊன்றித் தவழ்ந்து செய்யும் பயிற்சிகள் பல யூடியூப் வீடியோக்களில் வரும். அவை மர ஃபுளோர் போட்ட உள்ளரங்கத்துக்கானவை. சித்திரை வெயிலில் காய்ந்த சிமென்ட் தரையில் நாலு மணிக்கு உள்ளங்கையை வைத்துப் பார்த்தவர்களுக்கு ஏன் இந்தப் பட்டியலில் அவை இல்லை என்று புரியும்.

படி 3: நிற்கவும் இறங்கவும் பழகுதல் (3 நிமிடம்)

பெரும்பாலான அணிகள் விட்டுவிடும் பகுதி இது. காயத்தைக் குறைப்பதில் இதற்குத்தான் பங்கு அதிகம். சிகாகோவின் அரசுப் பள்ளிகளில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வு ஒன்றில், கூடைப்பந்தும் கால்பந்தும் ஆடும் 1,492 மாணவிகளைக் கவனித்தார்கள். ஒரு பகுதிப் பயிற்சியாளர்களுக்கு இரண்டு மணி நேர வகுப்பு எடுத்தார்கள். அவர்கள் பயிற்சிக்கு முன் வலிமை, சமநிலை, குதித்து இறங்குதல் ஆகியவை சேர்ந்த இருபது நிமிட வார்ம்-அப் நடத்தினார்கள். மற்றவர்கள் வழக்கப்படி நடத்தினார்கள். யாரும் மோதாமல் தானாக வரும் கணுக்கால் சுளுக்கு, முதல் பிரிவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. அவையும் வசதி குறைந்த நகரப் பள்ளிகள்தான். நடத்தியவர்களும் பள்ளிப் பயிற்சியாளர்களே.

1. இரண்டு பேர் எதிரெதிரே ஒற்றைக் காலில் நின்று, 30 விநாடி பந்தைப் பாஸ் செய்யுங்கள். பிறகு கால் மாற்றுங்கள். ஊன்றிய முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும். ஒற்றைக் காலில் தவமிருந்த கோமதி அம்மனின் ஊரில் இதைச் சொல்லிக்கொடுக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை.
2. நின்ற இடத்தில் பாதி உயரம் எம்பி, இரு காலில் இறங்கி, இரண்டு விநாடி சிலையாக நில்லுங்கள். ஐந்து முறை. இறங்கும் சத்தம் கேட்கக் கூடாது.
3. பக்கவாட்டில் ஒரு காலிலிருந்து மறுகாலுக்குத் தாவி நில்லுங்கள். ஒவ்வொரு பக்கமும் நான்கு.

பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஒரே வேலைதான்: முன்னால் நின்று முட்டிகளைப் பார்ப்பது. இறங்கும்போது இரண்டு முட்டியும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தால் உடனே நிறுத்தித் திருத்துங்கள். வளரிளம் பெண் பிள்ளைகளிடம் இந்தச் சாய்வு அதிகம். அவர்களுடைய முழங்கால் தசைநார் கிழிவதற்கு இது முக்கியமான வழி. சென்னையின் அனிதா பால்துரை 2000-லிருந்து 2017 வரை இந்திய அணியில் ஆடி, 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். அத்தனை வருடம் எம்பி இறங்கும் ஆசை உள்ள பிள்ளை, எம்புவதற்கு முன் இறங்கக் கற்றுக்கொள்வது நல்லது.

படி 4: வேகமும் பந்தும் (4 நிமிடம்)

1. நடுக்கோடு வரை மூன்று ஓட்டம். முதலாவது பாதி வேகம், இரண்டாவது முக்கால், மூன்றாவது முழு வேகம். ஒவ்வொன்றுக்கும் இடையே நடந்து திரும்புங்கள்.
2. முழு பலத்தோடு ஐந்து எம்பல். போர்டையோ வலையையோ தொட முயலுங்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே ஐந்து விநாடி விடுங்கள்.
3. பிறகு பந்து. வலமும் இடமும் லே-அப், இரண்டு எட்டு டிரிபிள் செய்து ஜம்ப் ஷாட், கடைசியில் நாலைந்து ஃப்ரீ த்ரோ.

முடிந்ததும் ஐந்து நிமிடத்துக்குள் ஆட்டம் தொடங்கிவிட வேண்டும். ஏற்றிய சூடு, சும்மா உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் பெருமளவு இறங்கிவிடும்.

நின்று நீட்டியே ஆக வேண்டும் என்பவர்களுக்கு

“சார், கெண்டைக்கால் இழுக்கு சார்” என்று ஒரு பையன் வந்து நிற்பான். அவனை நீட்டாதே என்று விரட்டத் தேவையில்லை. ஆட்டத்துக்கு முன் நின்று நீட்டுவதைப் பாவச்செயல் போலப் பேசும் கட்டுரைகள் நிறைய வந்துவிட்டன; அது மறுபக்க மிகை. 2018-இல் ஆஸ்திரேலியாவின் எடித் கோவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அந்தோணி பிளாசெவிச் குழுவினர், முழுமையான வார்ம்-அப்பின் நடுவே சிறிது நேரம் நின்று நீட்டினால் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். குதிப்பிலும் ஓட்டத்திலும் இழப்பு எதுவும் இல்லை. நீட்டிய நாளில் ஆட்டக்காரர்களுக்கு, இன்றைக்கு நன்றாக ஆடுவோம் என்ற நம்பிக்கை மட்டும் கூடியிருந்தது.

ஆகவே விதி இதுதான்:

1. முதல் படி ஓட்டம் முடிந்த பிறகே நீட்டுங்கள். குளிர்ந்த உடம்பில் வேண்டாம்.
2. ஒரு தசைக்கு 15 முதல் 20 விநாடி. எப்படியும் 30-ஐத் தாண்ட வேண்டாம்.
3. இழுக்கிற தசையை மட்டும் நீட்டுங்கள். எல்லாவற்றையும் நீட்டத் தேவையில்லை.
4. அதன்பின் இரண்டு, மூன்று, நான்காம் படிகளைக் கட்டாயம் முடியுங்கள். நீட்டிவிட்டு நேரே கோர்ட்டுக்குள் போனால்தான் நஷ்டம்.

போட்டி நாளில் திட்டம் மாறும்

மேலே சொன்னதெல்லாம் சொந்த மைதானத்துக்கு. குறுவட்டப் போட்டியோ முதலமைச்சர் கோப்பையோ வந்துவிட்டால் நிலவரம் வேறு. காலை எட்டரைக்கு வரச் சொல்வார்கள். பெயர் பதிவு, வயதுச் சான்று, தொடக்க விழா எல்லாம் முடிந்து நம் ஆட்டம் வரும்போது பதினொன்றரை. வந்தவுடனே உற்சாகத்தில் வார்ம்-அப் செய்த அணி அதற்குள் மரத்தடியில் முறுக்கு தின்று முடித்திருக்கும்.

1. வந்ததும் அட்டவணையைப் பாருங்கள். நமக்கு முந்தைய ஆட்டம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள்.
2. ஒரு குவார்ட்டர் எத்தனை நிமிடம் என்று நடத்துபவர்களிடம் கேளுங்கள். சர்வதேச விதிப்படி பத்து நிமிடம். நேரம் போதாதபோது பள்ளிப் போட்டிகளில் குறைப்பதுண்டு.
3. முந்தைய ஆட்டத்தின் கடைசி குவார்ட்டர் தொடங்கும்போது நீங்கள் முதல் படியைத் தொடங்குங்கள். கோர்ட் கிடைக்காது, பக்கத்தில் ஒரு 14 மீட்டர் பட்டை கிடைத்தால் போதும். கல், கண்ணாடித் துண்டு, பள்ளம் இருக்கிறதா என்று ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.
4. முதல் மூன்று படிகளை வெளியிலேயே முடித்துவிட்டு, கோர்ட் கிடைத்ததும் நான்காம் படி.

திருநெல்வேலி வரை போக வேண்டிய ஆட்டமென்றால் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரமாவது ஆகும். இடுப்பும் பின்தொடையும் மடங்கியே இருந்திருக்கும். இறங்கியதும் ஐந்து நிமிடம் சும்மா நடக்கவிடுங்கள். பையைத் தோளில் மாட்டியபடி ஓடவிட வேண்டாம்.

கோமதி அம்மனின் ஆடித்தபசுத் திருவிழா நாட்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. குறுவட்டப் போட்டிகள் பெரும்பாலும் அந்தக் காலத்தை ஒட்டியே வரும். வேண்டுதலுக்காகக் கோயிலை ஆடிச்சுற்று சுற்றும் பிள்ளைகள் அணியில் இருப்பார்கள். சிலர் நூற்றெட்டுச் சுற்றுகூடப் போவார்கள். மறுநாள் அவர்களுடைய கெண்டைக்கால் கல்லாக இருக்கும். அது தசைக் களைப்பு. எவ்வளவு நீட்டினாலும் அன்றே சரியாகாது. முன்கூட்டியே கேட்டுவைத்து, அன்று அவர்களுக்கு எம்பல்களைக் குறைத்துவிடுங்கள்.

*பெஞ்சில் இருப்பவர்களுக்கு:* சப்ஸ்டிட்யூட்டை நினைத்து யாரும் வார்ம்-அப் திட்டம் போடுவதில்லை. எந்த நிமிடத்திலும் முழு வேகத்தில் ஓட வேண்டியவர் அவர்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, பெஞ்சுக்குப் பின்னால் லஞ்ச், பக்கவாட்டு நகர்வு, நாலு எம்பல் என்று ஒரு நிமிடம் அசையட்டும். 15 நிமிட இடைவேளைக்குப் பிறகு ஆரம்பத்தில் ஆடிய ஐவருக்கும் இதே கதைதான். கடைசி மூன்று நிமிடத்தைப் பேச்சுக்குக் கொடுக்காமல் ஓட்டத்துக்குக் கொடுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

*குலுக்கி நீட்டுவது.* குனிந்து விரலை எட்டாதவர்கள், ஊஞ்சல் ஆடுவதுபோல் விட்டுவிட்டு அமுக்குவார்கள். கட்டுப்பாடில்லாத அந்த இழுப்புக்குத் தசை எதிர்த்து இறுகும், சில சமயம் கிழியும். நடந்து நீட்டும்போதும் காலை வீசுவது நம் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்.

*நண்பன் முதுகில் ஏறி அமுக்குவது.* உட்கார்ந்திருப்பவனின் முதுகை இன்னொருவன் தள்ளுவான். வலி எங்கே தொடங்குகிறது என்று தள்ளுபவனுக்குத் தெரியாது. பள்ளி வயதில் இதை அடியோடு விட்டுவிடலாம்.

*தண்டனையாக்குவது.* தாமதமாக வந்தவனுக்குப் பத்துச் சுற்று, பந்தைத் தவறவிட்டவளுக்கு இருபது லஞ்ச். வார்ம்-அப் பயிற்சியையே தண்டனைக்குப் பயன்படுத்தினால் பிள்ளைகள் அதை வெறுக்கக் கற்றுக்கொள்வார்கள். பிறகு ஒப்புக்குச் செய்வார்கள். லஞ்ச்சில் முட்டி சாயும்.

*நேரடியாக ஷூட்டிங்.* மணி அடித்ததும் பையை எறிந்துவிட்டு மூன்று பாயிண்ட் கோட்டிலிருந்து எறிவது. தோளும் முதுகும் குளிர்ந்திருக்கும். இதைத் தடுக்கக் கண்டிப்பைவிட எளிய வழி உண்டு: முதல் எட்டு நிமிடம் பந்துப் பை பூட்டியிருக்கட்டும்.

*வார்ம்-அப்பிலேயே ஆட்டத்தை முடித்துவிடுவது.* அரை மணி நேரம் ஓடவிட்டு, வேர்த்து விறுவிறுத்த பிறகு ஆட்டம் தொடங்கினால் நான்காவது குவார்ட்டரில் கால் தூக்க வராது.

*போட்டி நாளில் புதுப் பயிற்சி.* முந்தைய நாள் ராத்திரி வீடியோவில் பார்த்ததை மறுநாள் காலை அணிக்குக் கற்றுத் தருவது. புது வரிசை பழக மூன்று வாரமாவது கொடுங்கள். முதல் வாரத்தில் பதினைந்து நிமிடம் இருபத்தைந்தாகும். பொறுமையாக இருந்தால் மூன்றாம் வாரத்தில் கேப்டனே நடத்திவிடுவார்.

வளரும் வயது: வலியை நீட்டித் தீர்க்க வேண்டாம்

பதினொன்று முதல் பதினைந்து வரை எலும்பு வேகமாக நீளும். தசை அதே வேகத்தில் ஈடுகொடுப்பதில்லை. போன வருடம் குனிந்து விரலைத் தொட்டவன் இந்த வருடம் கணுக்காலைக்கூட எட்டமாட்டான். சோம்பல் என்று திட்டாதீர்கள், வளர்ந்திருக்கிறான், அவ்வளவுதான்.

இந்த வயதில் இரண்டு வலிகள் கூடைப்பந்து பிள்ளைகளிடம் அடிக்கடி வரும். முட்டிச் சில்லுக்குக் கீழே, கீழ்க்கால் எலும்பின் முன்பக்கத்தில் மேடாக வீங்கித் தொட்டால் வலிப்பது ஒன்று. ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்பது அதன் மருத்துவப் பெயர். குதிகாலின் பின்புறம் வலித்து விரல் நுனியில் நடப்பது மற்றொன்று. இரண்டும் தசைநாண் எலும்பில் சேரும் வளர்ச்சிப் பகுதி திரும்பத் திரும்ப இழுபடுவதால் வருகின்றன. வலியைப் பொறுத்துக்கொண்டு அந்த இடத்தை இழுத்து நீட்டினால் இழுபடும் இடம் மேலும் நோகும். எம்பல்களைக் குறைத்து, மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்ன பிறகு நீட்டலாம்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்:

1. இழுப்பு என்ற உணர்வைத் தாண்டிக் குத்தலாகவோ சுரீரென்றோ வலித்தால்.
2. மூட்டில் வீக்கம், அல்லது முட்டி சிக்கிக்கொண்டதுபோல் நின்றால்.
3. ‘டப்’ என்று சத்தம் கேட்டு உடனே கால் ஊன்ற முடியாமல் போனால்.
4. ராத்திரி தூக்கத்தைக் கலைக்கும் வலி இருந்தால்.

கணுக்கால் புரண்டால் நம் ஊரில் முதலில் தேடுவது எண்ணெயும் உருவுபவரையும். முதல் இரண்டு நாள் உருவ வேண்டாம், வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம், வீக்கம் கூடும். துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து, எலாஸ்டிக் பேண்டேஜ் சுற்றி, காலை உயர்த்தி வையுங்கள். நாலு அடி ஊன்றி நடக்க முடியவில்லை என்றாலோ, கணு எலும்பின் பின் ஓரத்தில் அமுக்கினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

வெயில், காற்று, மழை

பங்குனி, சித்திரை, வைகாசியில் உடம்பு ஏற்கெனவே சூடாக இருக்கும். முதல் படியை இரண்டு சுற்றாகக் குறைத்து, இரண்டாம் படியை நிழலில் செய்யுங்கள். ஆட்டத்துக்கு முன் ஒரேயடியாக ஒரு லிட்டர் குடிப்பதைவிட, மதியத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து வருவது மேல். பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, வாந்தி எடுத்துத் தலை சுற்றினாலோ அது வெப்பத்தாக்காக இருக்கலாம். நிழலில் படுக்கவைத்து, சட்டையை நனைத்து, விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று சங்கரன்கோவில் வரை தள்ளும். வியர்த்த உடம்பு சீக்கிரம் ஆறிவிடும். வார்ம்-அப்புக்கும் ஆட்டத்துக்கும் இடைவெளி இருந்தால் மேலே ஒரு சட்டை போட்டுக்கொள்ளட்டும். தூசி படிந்த சிமென்ட் தரையை ஒருமுறை பெருக்கிவிடுங்கள். வழுக்குகிற தரையில் பக்கவாட்டுத் தாவல் கூடாது. ஐப்பசி மழையில் மைதானம் ஈரமாக இருந்தால் மூன்றாம் படியில் ஒற்றைக் காலில் நிற்பதை மட்டும் வைத்துக்கொண்டு, எம்பல்களைப் பள்ளி வராந்தாவுக்கு மாற்றுங்கள்.

ஆட்டம் முடிந்த பிறகு

வட்டமாக நின்று இருபது எண்ணும் நேரம் இதுதான். இரண்டு நிமிடம் நடந்து மூச்சு தணிந்ததும் கெண்டைக்கால், பின்தொடை, முன்தொடை, கவட்டை, இடுப்பின் முன்பகுதி, மார்பும் தோளும் ஆகியவற்றை ஒவ்வொன்றாக 30 விநாடி வீதம் இரண்டு முறை நீட்டுங்கள். இழுப்பு தெரிய வேண்டும், வலி தெரியக் கூடாது. மூச்சை அடக்காமல் விட்டுவிட்டு வாங்குங்கள். உடல் வளைவு கூடுவது இங்கேதான், அதுவும் பல வாரம் தொடர்ந்து செய்தால். மறுநாள் உடம்பு வலியை இது நீக்கிவிடும் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். ஆய்வுகளில் அதற்குப் பெரிய ஆதாரம் கிடைக்கவில்லை.

சுவரில் ஒரு சோதனை

சொன்னதை நம்பித்தான் ஆக வேண்டும் என்றில்லை. உங்கள் அணியிலேயே பார்த்துவிடலாம். வேண்டியவை: உயரமான சுவர், சாக்பீஸ் தூள், அளவு நாடா, நோட்டு.

1. சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நின்று, குதிகால் தரையில் இருக்க, கையை உயர்த்தி விரல் நுனி எட்டும் இடத்தைக் குறியுங்கள்.
2. முதல் நாள்: இரண்டு நிமிட மெதுவோட்டம். பிறகு பின்தொடை, முன்தொடை, கெண்டைக்கால் மூன்றையும் ஒவ்வொரு காலிலும் 60 விநாடி நின்று நீட்டுங்கள். ஒரு நிமிடம் கழித்து, விரலில் சாக்பீஸ் தூளைத் தொட்டு மூன்று முறை எம்பிச் சுவரைத் தொடுங்கள். சிறந்ததை மட்டும் எழுதுங்கள்.
3. ஒரு நாள் ஓய்வு விட்டு அதே நேரத்தில், அதே ஷூவில்: முதல் மூன்று படிகளோடு நான்காம் படியின் மூன்று ஓட்டங்களையும் முடித்து, ஒரு நிமிடம் கழித்து மூன்று எம்பல்.
4. அணியில் பாதிப் பேர் வரிசையை மாற்றி, இரண்டாவது முறையை முதலில் செய்யட்டும். இல்லையென்றால் பழக்கத்தால் வந்த முன்னேற்றத்தை வார்ம்-அப்பின் கணக்கில் எழுதிவிடுவோம்.
5. மறு வாரம் இரண்டையும் இன்னொரு முறை செய்து சராசரி பாருங்கள்.

ஒருவருக்கு அரை செ.மீ. வித்தியாசம் வந்தால் அது அளவெடுப்பதில் வரும் பிசகாகவும் இருக்கலாம். அணியின் சராசரி ஒரு செ.மீ.க்கு மேல் ஒரே பக்கம் சாய்ந்தால் அதை நம்பலாம். ஓரிருவருக்கு எந்த வித்தியாசமும் வராது, அதையும் அப்படியே எழுதுங்கள். நோட்டில் தேதி, நேரம், வெயிலா காற்றா, சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதையும் பக்கத்திலேயே குறித்துவையுங்கள். மூன்று மாதம் கழித்து இதே சுவரில் மறுபடி அளக்கும்போது அந்தப் பக்கம் தேவைப்படும். பிள்ளைகள் அதற்குள் வளர்ந்திருப்பார்கள் என்பதால், நின்று எட்டும் உயரத்தையும் புதிதாக அளந்துகொள்ளுங்கள்.